ட்ரிப் சுவிட்ச் சொன்ன பாடம்

போன மாரியில் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுந்தது. பார்க்க வந்த வயரிங் பாஸ் ஓ.எல். வரை என்னிடம் தமிழ் படித்தவர்; பதினைந்து வருட அனுபவசாலி. தண்ணீர் மோட்டாரின் பிரேக்கரை இறக்கிப் பார்த்தார். அப்போதும் விழுந்தது. "மோட்டாரில பிழை இல்ல சேர், ட்ரிப்தான் பழுது" என்று அதைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போனார்.

லீவுக்கு வந்த தங்கையின் மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறான். பெட்டியைப் பார்த்ததும் பதறிப்போனான். லைவில் போகும் மின்னோட்டம் அவ்வளவும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். 30 மில்லியம்பியர் குறைந்தாலே சுவிட்ச் விழும். குறைந்தது ஒரு மனித உடம்பினூடாகவும் நிலத்துக்குப் போயிருக்கலாம். அந்தக் காவலைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம். இன்னொன்றும் சொன்னான்: "பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும் மாமா. நியூட்ரல் எர்த்தில பட்டிருந்தா, மோட்டார் நிண்டாலும் ட்ரிப் விழும்." கொப்பியில் அழகாக வரைந்தும் காட்டினான். ஆனால் ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்தால் எந்தத் திருகைத் தளர்த்துவதென்று தெரியாமல் நின்றான்.

பாஸை மறுபடி கூப்பிட்டேன். முதலில் ட்ரிப்பைப் பழையபடி இணைக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு முறையும் மெயினை இறக்கி, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். மோட்டாரின் நியூட்ரல் கழன்றதும் ட்ரிப் நிலைத்தது. கிணற்றடியில் ஈரம் ஊறிய ஒரு மூட்டு! அந்த இடத்தை அவர் கை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தது.

2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத்துறையைத் தொடங்கியது இந்த இரண்டையும் ஒருவரிடம் சேர்க்கத்தான். ஆனால் மருமகனின் பாடசாலையில் ஆய்வுகூடக் கதவு செய்முறைப் பரீட்சை நெருங்கும்போதுதான் திறக்கிறதாம். மறுபக்கம், பாஸைப் போன்றவர்கள் வேலையில் கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் நாட்டில் இருக்கிறது. ஏழு மட்டங்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். சொன்னேன். "எழுதவும் வேணுமா சேர்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எத்தனை கட்டுரை எழுதக் கொடுத்திருப்பேன்! செய்த வேலையொன்றை விளக்கி எழுதச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

அன்று பிளேன்டீ குடித்தபடி, பிழையைப் பிடித்த விதத்தை அவர் சொல்லச் சொல்ல மருமகன் எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. பாஸ் அதை வாங்கி, விரல் வைத்து வாசித்து, "இது பிழை தம்பி, மெயினை முதல்ல இறக்கினதை எழுதல்லயே" என்று திருத்தினார்.