பட்டியலில் இல்லாத தாத்தா

"முதல் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீங்க தாத்தா?" வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு நிகழ்ச்சிக்காகக் கேட்டேன். தாத்தா சிரித்தார். "எம் பேரே லிஸ்டுல இல்லம்மா. அன்னைக்கும் பால்மரம்தான் வெட்டினேன்."

அவர் சொன்ன அந்த நாள் 1955 ஜூலை 27. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல். 98 உறுப்பினர் கொண்ட கூட்டரசு சட்டமன்றத்தில் 52 இடங்களை மக்கள் நிரப்பினார்கள். மற்றவை நியமனம்.

அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் பாய்மரக் கப்பல் சின்னத்தில் கூட்டணியாக நின்றன. நான்கு ஆண்டுகளுக்குள் சுதந்திரம் என்பது அவர்களின் வாக்குறுதி. முடிவு வந்தபோது 52-இல் 51 இடங்கள் கூட்டணிக்கு! மீதி ஒன்று, பேராக்கின் கிரியான் தொகுதி, பாஸ் கட்சிக்கு. அம்னோவைத் தோற்றுவித்த டத்தோ ஓன் ஜாபாரே தம் புதிய கட்சியான பார்ட்டி நெகாராவில் நின்று ஜொகூர் பாருவில் தோற்றார். துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சரானார்.

இது பாடநூலில் உள்ள கதை. தாத்தாவின் கதைக்கு இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

பதிவு பெற்ற வாக்காளர்கள் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சீனர்கள் 11 விழுக்காடு. இந்தியர் உள்ளிட்ட மற்றவர்கள் வெறும் 5 விழுக்காடு. காரணம் எளிது: வாக்களிக்கக் கூட்டரசுக் குடியுரிமை வேண்டும். தோட்ட லயங்களில் வாழ்ந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

அந்த நிலையிலும் ம.இ.கா.வின் இரு வேட்பாளர்களும் வென்றார்கள். வட கிந்தாவில் வீ.தி. சம்பந்தன், பத்து பகாட்டில் செல்வசிங்கம் மெக்கின்டையர். இருவரும் தமிழர்கள். நம் ஓட்டு மட்டும் அவர்களைக் கரைசேர்த்திருக்க முடியாது. கப்பல் சின்னத்தை நம்பிய மலாய் வாக்காளர்களே அவர்களை அனுப்பி வைத்தார்கள். சம்பந்தன் துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார்.

நான்கு ஆண்டு என்றார்கள். இரண்டே ஆண்டில், 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம் வந்தது. குடியுரிமை பெறும் வழியும் அகலமானது. 1959 தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. தாத்தாவுக்குக் குடியுரிமை கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதன்பிறகு ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. முதல் நாள் இரவே சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிடுவார். சாவடி திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்.

2021 டிசம்பர் முதல் 18 வயதானாலே நம் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. கேட்டு அலைய வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, "அன்னைக்கு வேலை இருக்கு, வரிசை நீளம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று தாத்தா என்னைத் திட்டவில்லை. "உம் பேரு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் நான் வரிசையில் நின்றேன்.