உலு திராமும் விளையாட்டுத் திரையும்

2024 மே 17 அதிகாலை மூன்று மணியளவில், ஜொகூர் பாருவை அடுத்த உலு திராம் போலீஸ் நிலையத்துக்குப் பாராங் கத்தியோடு வந்த வாலிபன் ஒருவன், காவலிலிருந்த கான்ஸ்டபிளை வெட்டிச் சாய்த்து, அவருடைய துப்பாக்கியைப் பறித்து, அதனாலேயே மற்றொரு கான்ஸ்டபிளையும் சுட்டுக் கொன்றான், மூன்றாமவர் காயமுற்றார், அவனும் அங்கேயே சுடப்பட்டு மாண்டான்.

இத்தகைய கொடுமை எங்கு நேர்ந்தாலும், வீடியோ கேம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் மலேசிய இளைஞன் ஒருவன் உள்பட 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில முப்தி பப்ஜி என்ற வீடியோ கேமைத் தடைசெய்ய வேண்டுமென்றார். நியூசிலாந்து நாடாளுமன்றமோ, ஒரு மாதத்துக்குள், 119 பேர் ஆதரிக்க ஒருவர் மட்டுமே எதிர்க்க, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தது. இவற்றுள் எது காரியத்தைத் தொட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெற்றோரின் கவலை பொய்யன்று. நள்ளிரவு கடந்தும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "சுடு, சுடு!" என்று கத்தும் மகனைக் காணும் தாயின் மனம் பதைக்கத்தான் செய்யும், அவன் தூக்கமும் படிப்பும் கெடுவது பிரத்தியட்சம். ஆயினும், அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் கூறியவாறு, வன்முறை வீடியோ கேம்களுக்கும் கூச்சல், தள்ளுமுள்ளு போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு சம்பந்தம் உண்டே தவிர, கொடிய வன்முறைக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய ஆதாரமில்லை. ஜப்பானியரும் கொரியரும் இவற்றில் மூழ்கிக் கிடப்பவர்களே. அங்கே துப்பாக்கிக் கொலை அபூர்வம்.

நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் துப்பாக்கியைச் சாமானியர் கைக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன. உலு திராமுக்கு வந்தவன் கத்தியோடு வந்ததற்கும், மடிந்த காவலர் இருவரோடு அந்தக் கொடுமை நின்றதற்கும் அச்சட்டங்களே பிரதான காரணம் என்பது என் துணிபு.

அவன் தனித்து இயங்கியவன் என்றார் உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன். ஆனால் அவ்வாண்டு ஜூனில் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் அவன் குடும்பத்தார் ஐவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது, வீட்டாரிடையே ஐ.எஸ். பயங்கரவாத இயக்கத்தின் சித்தாந்தத்தைப் பரப்பினார் என்பது தந்தை மீது சுமத்தப்பட்ட குற்றம். விளையாட்டுத் திரையில் காரணம் தேடி அலைவோர், ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு என்ன போதிக்கப்படுகிறது என்று அயலாரும், பள்ளியும், சமயப் பெரியோரும் எப்போது விசாரிக்கத் தொடங்குவார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.