ஸ்ரீரங்கத்து டாக்டர், அறநிலைய மந்திரி

மன்னார்புரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேயர்களே, ஒரு தகவல். டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் 1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது, திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான்.

1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் இவரிடம் இரண்டு இலாகாக்கள்: பொது சுகாதாரம், இந்து சமய அறநிலையம். பொருந்தாத ஜோடி என்கிறீர்களா? அந்தக் காலத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் என்றால் காலரா பயமும் கூடவே வரும். குடிதண்ணீர், தடுப்பூசி, கோயில் வரவு செலவு எல்லாம் ஒரே மந்திரி மேஜைக்குப் போவது ஒருவகையில் சௌகரியம்தான்!

தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக வழிசெய்த ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் அந்த மந்திரிசபை காலத்தில்தான், 1939-ல். நம் திருச்சி வானொலி தொடங்கியதும் அதே ஆண்டு, மே 16-ல்.