திசை காட்டும் பெட்டியை எங்கே வைப்பது?

அமெரிக்காவில் சொந்தக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டி ஓட்டும் ஆர்வலர்கள் ஏராளம். இறக்கையைப் பூட்டுவதில்கூடத் தடுமாறாத பலர், காந்த உணரி என்னும் சிறு பெட்டியை எங்கே வைப்பது என்று திண்டாடுவார்கள்.

விமானத்தின் மூக்கு எத்திசையில் இருக்கிறது என்பதைப் பூமியின் காந்தத்தைக் கொண்டு சொல்வது அது. ஜிபிஎஸ் போதாதா? போதாது. அது விமானம் நகரும் பாதையைத்தான் காட்டும். பக்கக் காற்று தள்ளும்போது மூக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கும். மேகத்துக்குள் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிட்டால் இந்த உணரியே துணை. அப்போது திசை 5 பாகை பிசகினால், 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் விலகிவிடும்.

பூமியின் காந்தமோ மிக மெல்லியது. எஞ்சினின் இரும்பும் மின்கம்பியும் அதை எளிதில் கெடுத்துவிடும். ஆகவே இறக்கை நுனியையோ வால் பகுதியையோ தேடிப் போகிறார்கள். அங்கும் வம்பு உண்டு. நுனியில் விளக்குகள் இருக்கும்; சில விமானங்களில் இறக்கையின் அசையும் மடலுக்கு எதிர் எடையாக இரும்புக் குழாய் வைத்திருப்பார்கள். அசையாத இரும்பின் பாதிப்பை அளவுத்திருத்தம் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். அசையும் இரும்பையும், ஏறி இறங்கும் மின்னோட்டத்தையும் அதனால் சமாளிக்க முடியாது.

துளை போடும் முன் பெட்டியைத் தற்காலிகமாக ஒட்டி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, கட்டுப்பாட்டுக் கோலையும் அசைத்துப் பார்ப்பதே கெட்டிக்காரத்தனம். திரையில் எண் ஆடினால் வேறு இடம்தான். நிலைத்தால் பித்தளைத் திருகு போட்டு முடுக்கலாம்.