கார்ட்டில் 3,000 ரூபாய்... பட்ஜெட் ஸ்கின்கேரில் எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?

சம்பளம் வந்த அன்றிரவு ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறோம். ஃபேஸ்வாஷ், டோனர், இரண்டு சீரம், ஷீட் மாஸ்க், சன்ஸ்க்ரீன் என்று சேர்த்துக்கொண்டே போனால் தொகை 3,000-ஐத் தாண்டிவிடும். அப்போதுதான் வாடகை ஞாபகம் வரும். உடனே எதைத் தூக்குவோம்? பெரும்பாலும் சன்ஸ்க்ரீனை. 'நாம என்ன வெயில்லயா வேலை பார்க்கிறோம்? ஏ.சி.லதானே இருக்கோம்' என்று ஒரு சமாதானம் வேறு. நானும் இதைச் செய்திருக்கிறேன்.

உண்மையில் தலைகீழாகச் செய்ய வேண்டும். முகத்துக்குத் தேவை மூன்றே மூன்று: கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயில் தடுக்க ஒன்று. காசு குறைவு என்றால் முதல் இரண்டிலும் மிச்சம் பிடித்து, மூன்றாவதில் போடுங்கள்.

நம் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் அந்தக் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். இரவில் 600 ரூபாய் சீரம் போட்டு மங்க வைப்பதை, காலையில் பைக்கில் ஆபீஸ் போகும் அரை மணி நேரம் திரும்பக் கறுக்க வைத்துவிடும்.

எஸ்.பி.எஃப். 50-க்காகக் கூடுதல் காசு தர வேண்டுமா? எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீத யு.வி.பி. கதிர்களைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதம். ஒரே விலை என்றால் 50 வாங்கலாம், இல்லாவிட்டால் 30 போதும். அதைவிட, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருக்கிறதா, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். யு.வி.ஏ. பாதுகாப்பைச் சொல்வது அதுதான்.

அடுத்தது அளவு. ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். அது ஏறக்குறைய ஒரு கிராம். பட்டாணி அளவு தடவினால் அட்டையில் போட்ட எஸ்.பி.எஃப். கிடைக்காது. அதனால் ட்யூப் விலையைப் பார்க்காமல் கிராம் விலையைப் பாருங்கள். 50 கிராம் 350 ரூபாய் என்றால் கிராம் 7 ரூபாய். 80 கிராம் 480 என்றால் 6 ரூபாய். 1,200 ரூபாய் ட்யூபைக் கஞ்சத்தனமாகத் தடவுவதைவிட, 400 ரூபாய் ட்யூபைத் தாராளமாகத் தடவுவது மேல்.

ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பதே அரை நிமிஷம். அதில் வைட்டமின் சி, தங்கத்துகள் எல்லாம் சேர்த்திருந்தால் அவை போய்ச் சேரும் இடம் வாஷ்பேசின். (பரு உள்ளவர்களுக்கான சாலிசிலிக் ஆசிட் வாஷ் விதிவிலக்கு.) கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைட், பெட்ரோலேட்டம் போன்ற பெயர்கள் இருந்தால் மெடிக்கல் ஷாப்பின் சாதாரண லோஷனே வேலையைச் செய்யும்.

பின்பக்கம் திருப்புங்க

எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் பொதுவாகச் சேர்மானங்களை அச்சிடுவார்கள். அதில் 'ஃபினாக்ஸிஎத்தனால்' என்ற கெடாமல் காக்கும் பொருளைத் தேடுங்கள். அது வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. விளம்பரத்தில் ஜொலித்த குங்குமப்பூ அதற்கும் பின்னால் வந்தால், ட்யூபில் இருப்பது சொட்டுக் கணக்குதான். ரெட்டினால் மாதிரி சில பொருட்கள் குறைந்த அளவிலும் வேலை செய்யும் என்பது வேறு விஷயம்.

சதவீதம் ஏற ஏற பலன் ஏறும் என்பதும் இல்லை. பருவுக்குத் தரும் பென்சாயில் பெராக்ஸைடில், 2.5 சதவீதம் 10 சதவீதத்துக்கு இணையாக வேலை செய்கிறது; எரிச்சலும் குறைவு. (தலையணை உறையை வெளுத்துவிடும், ஜாக்கிரதை.) எதைத் தொடங்கினாலும் ஒவ்வொன்றாகத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். ரெட்டினால் வகைகள் கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

ஒரே வாரத்தில் பளிச்?

பட்ஜெட் பார்க்கிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். தோழி சொன்னார், பார்லரில் தந்தார்கள் என்று வரும் மலிவான க்ரீம்; ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும். உள்ளே குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கலாம். நிறுத்தினால் சிவப்பு, எரிச்சல், பரு. தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், முகத்தில் முடி வளரும். 2018-ல் 14 ஸ்டீராய்டு தோல் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன.

தயாரிப்பாளர் முகவரியே இல்லாத டப்பாவில் பாதரசமும் இருக்கலாம். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகை சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களாக இருந்தார்கள். அழகுப் பொருளில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. கண் பகுதிக்கான பொருட்களுக்கு மட்டும் வரம்பு வேறு.

ஏற்கெனவே அப்படி ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் இலவசமாகவே பார்ப்பார்கள். போகும்போது இப்போது பூசுகிற எல்லா ட்யூப்களோடு, அந்தப் பெயர் இல்லாத டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.