மூன்று கொம்பும் ஒரு கொம்பும்

வீட்டில் வளர்க்கும் பிராணி என்றால் நாயும் பூனையும் கிளியுமே நம் நினைவுக்கு வருவன. மேனாடுகளிலோ, ஓணான் இனங்களையும் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பேணி மகிழ்வோர் பலர் உளர். அவர்கள் விரும்புவனவற்றுள் ஒன்று, ஆபிரிக்காவிலே கென்யா, தன்சானியா நாட்டு மலைகளில் வாழும் ஜாக்சன் பச்சோந்தி. ஆணின் முகத்தில் மூன்று கொம்புகள் நீண்டிருக்கும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். தன் உடலினும் நீண்ட நாவை வீசி இரையைப் பற்றும். முட்டையிடாது குட்டி ஈனும்.

பார்ப்பதற்கு அழகுதான், பேணுவதோ எளிதன்று. குளிர்ந்த இரவும் ஈரக் காற்றும் அதற்கு வேண்டும். கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் அது நாடாது. இலைகளில் தங்கும் துளிகளையே பருகும். அசையும் பூச்சியே அதற்கு உணவு. வெயிலின் புறவூதாக் கதிர் கிட்டாவிடில் எலும்பு நலியும். அடிக்கடி கையில் எடுத்தால் அஞ்சி வாடும். மலைக்காடு இயல்பாக அளிப்பதையெல்லாம் கூண்டினுள்ளே மனிதன் ஆக்கித் தரல் வேண்டும்.

இவ்வாசையால் விளைந்த கேடு ஒன்றையும் கேளுங்கள். 1972 ஆம் ஆண்டிலே ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாகுவுக்கு வணிகர் ஒருவர் சில டசின் பச்சோந்திகளைத் தருவித்தார். பயணத்தில் மெலிந்த அவற்றைத் தேற்றும் பொருட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை பரவிப் பெருகின. அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளும் நத்தைகளும் அவற்றுக்கு இரையாகின்றன.

ஆபிரிக்க விந்தையைக் கண்டு வியக்கும் நாம், நம் மலைநாட்டு விந்தையை அறிவோமா? நுவரெலியாவைச் சூழ்ந்த மலைக்காடுகளிலும், ஹக்கலையிலும், ஹோட்டன் சமவெளியிலும் கொம்பு ஓணான் வாழ்கிறது. மூக்கின் நுனியில் ஒற்றைக் கொம்பு. ஆணுக்கு அது நீண்டிருக்கும். உண்மையில் அது வளர்ந்து நீண்ட செதிலேயாகும். பாசி படர்ந்த கிளையில் மெல்ல ஊர்ந்து, பூச்சியும் புழுவும் உண்டு வாழ்வது. இக்கொம்பு ஓணான் குலம் இலங்கையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இதே குளிர்காடுகளில், வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குட்டி ஈனும் சிற்றோணான் ஒன்றும் உண்டு.

அரிய பொருளுக்கு விலை ஏறுவது உலக வழக்கம். இவ்வோணான்களும் களவாக நாடு கடத்தப்பட்டு ஐரோப்பியச் சந்தைகளில் விற்பனைக்கு வந்தன. ஆகவே, 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய வனவுயிர் வாணிபம் பற்றிய உலக மாநாடு, இலங்கையின் வேண்டுகோளின்படி இவற்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. காட்டிலிருந்து பிடித்த கொம்பு ஓணானை வாணிபத்துக்காக ஏற்றுமதி செய்ய இடமில்லை.

எனினும், ஏட்டிலுள்ள சட்டம் காட்டுக்குள் காவல் நிற்பதில்லை. தேயிலைக்காக வெட்டப்பட்டு, துண்டு துண்டாய் எஞ்சிய காடுகளே இவற்றின் புகலிடம். அவற்றின் ஓரத்தில் வாழ்வோர் தோட்டத்து மக்கள். "ஓணான் பிடித்துத் தா, பணம் தருகிறேன்" என்று எவரேனும் நம் பிள்ளைகளை அணுகக்கூடும். கைப்பணம் பெற்றவன் சட்டத்தின் பிடியில் சிக்குவான்; பெரும்பொருள் ஈட்டுபவனோ கடல் கடந்து நிற்பான். இதனைப் பெற்றோர் எடுத்துரைத்தல் வேண்டும்.

மாணவர்களே, கொம்பு ஓணானைக் கண்டால் தொடாது நின்று பாருங்கள். நிறத்தையும் நடையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்ணாடிக் கூண்டின் முன் அமர்ந்து மேனாட்டார் காண விழையும் காட்சி, உங்கள் மலைச்சாரலில் கூண்டின்றியே கிடைக்கின்றது.