மருந்து கலக்கும் கையும் மருந்து எழுதும் கையும்

"தூக்கம் வருகிறதா?"

"வருகிறது, ஐயா."

"காதில் குரல் ஏதும் கேட்கிறதா?"

"இப்போது இல்லை, ஐயா."

"நல்லது. அதே மாத்திரையைச் சாப்பிடுங்கள். அடுத்த மாதம் வாருங்கள்."

முடிந்தது விசாரணை! வரிசை வாசல்வரை நீண்டு கிடக்கிறது, டாக்டர் ஒருவர், வெயிலோ உச்சிக்கு ஏறுகிறது. அவரை நாம் குறை கூறவில்லை. அவர் கேட்டவை அத்தனையும் சரியான கேள்விகளே. கேட்காமல் விட்டவை எவை என்பதுதான் நமது கவலை.

அந்த மனிதர் சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்தவர், பட்டாசு ஆலையிலே மணிமருந்து அறையில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக் கொள்வோம். கற்பனைதான், ஆனால் விருதுநகர் மாவட்டத்துக்காரர் எவரும் இதனைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட மாட்டார். அவர் ஓராண்டில் எத்தனை கிலோ கூடினார், சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி, காசு செலவில்லாத கேள்வி, அதுவும் எழவில்லை.

1700-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டிலே ராமசினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என்று முன்னோர் வகுத்த கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: உன் தொழில் என்ன? முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்வி நமது ஊர்ச் சீட்டுகளில் பல நேரம் ஏறுவதில்லை.

ஏன் கேட்க வேண்டும் என்கிறீர்களா, தோழர்களே? சொல்கிறோம்.

நமது வட்டாரத்திலே மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு முகம். மருந்துக்கடை என்றால் ஒன்று. மருந்து அறை என்றால் வேறொன்று. முன்னது உயிரைக் காப்பது; பின்னது, கை சற்றுத் தவறினால் உயிரைக் குடிப்பது. மனநோய்க்குத் தரப்படும் மாத்திரைகளிலே பல கண்ணைச் செருக வைக்கும். சில விரலை நடுங்க வைக்கும். மேசையில் அமர்ந்து கணக்கெழுதுபவர் கண் அயர்ந்தால் கூட்டல் பிழையாகும். காலைக் குளிர்ச்சியில் மருந்து கலப்பவர் கண் அயர்ந்தால்? உராய்வு என்ற ஒரு சொல்லில் மறுநாள் பத்திரிகை காரணத்தை எழுதிவிடும். முந்தின இரவு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று யார் எழுதப் போகிறார்கள்?

இதற்கு, ஆளை வேலையைவிட்டு நீக்கு என்று பொருளல்ல! மாத்திரையை நிறுத்து என்றும் பொருளல்ல. நிறுத்தினால் நோய் திரும்பும். நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை தரலாம், கலவை அறையிலிருந்து பெட்டி கட்டும் பகுதிக்கு மாறச் சொல்லலாம். வழிகள் பல உண்டு. தொழில் தெரிந்த டாக்டருக்கு அவ்வழிகள் தெரியும்.

லித்தியம் என்றொரு பொருள். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். களிப்பு கரைபுரண்டோடுவதும், பிறகு சோர்வு பள்ளத்தில் தள்ளுவதுமாக மாறி மாறி வரும் மனநோய்க்கு இது அருமையான மருந்து. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-இல் உலகுக்கு எடுத்துக் காட்டினார். விந்தை என்னவென்றால், 2017-இல் நமது உச்ச நீதிமன்றம் பட்டாசிலே சேர்க்கக் கூடாது என்று விலக்கிய ஐந்து பொருள்களில் இந்த லித்தியமும் ஒன்று! ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமணி ஆகியவை மற்ற நான்கு. ஆலையில் ஆகாதது ஆஸ்பத்திரியில் அமுது! ஆனால் அளவோடுதான் அமுது. அளவு மீறினால் நஞ்சு. இரண்டுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது. அதனால்தான் அவ்வப்போது இரத்தத்தை எடுத்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

வரப்பை மீறச் செய்வது எது? வெயில்! வியர்வை! நமது கரிசல் காட்டுக் கோடையிலே, காயவைக்கும் மேடையருகே, வியர்த்துக் கொட்ட உழைப்பவர் உடலில் நீரும் உப்பும் குறையும். லித்தியம் வெளியேறாமல் தங்கும். கை உதறும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். பார்ப்பவர் 'குடித்திருக்கிறான்' என்பார்கள்! இடுப்பு வலிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் இதே கேட்டைச் செய்யும். வேறு சில மனநோய் மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும். அதனால் வெப்பம் உடலிலேயே அடைபடும். குளிரூட்டிய அறையில் வாழ்பவருக்கும் கரிசல் காட்டில் உழைப்பவருக்கும் ஒரே சீட்டு எழுத முடியுமா?

புகைப்பழக்கமும் ஒன்று. பட்டாசு ஆலை வாசலிலே பீடியும் தீப்பெட்டியும் சோதித்துப் பறிக்கப்படும்; சரியான ஏற்பாடு. ஆனால் குளோசபின், ஒலான்சபின் என்ற மருந்துகளை உண்பவர் புகைக்கும்போது, புகை அந்த மருந்தை உடலில் வேகமாகக் கரைக்கிறது. ஒருநாள் அவர் பழக்கத்தை அடியோடு விட்டால், அதே மாத்திரை இரத்தத்தில் ஏறி நிற்கும், தூக்கம் அழுத்தும். புகையை விட்டது நன்மை. டாக்டரிடம் சொல்லாமல் விட்டதுதான் குறை. குளோசபின் உண்பவருக்கு இரத்த வெள்ளணுக்களையும் தவறாமல் எண்ண வேண்டும் என்பது வேறு கதை.

இனி, பெரிய கணக்குக்கு வருவோம். கடும் மனநோய் உடையோர் மற்றவரைவிடப் பத்திலிருந்து இருபது ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையால் என்று எண்ணுவீர்கள். அதுவும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் மாரடைப்பிலும், சர்க்கரை நோயிலும், நுரையீரல் நோயிலும், தொற்றுநோயிலும் சாகிறார்கள். நாமெல்லாம் சாகும் அதே நோய்கள்தாம், தோழர்களே! அவர்களை மட்டும் முன்கூட்டியே பிடித்துக் கொள்கின்றன. மருந்து உடலைப் பெருக்க வைக்கிறது, சர்க்கரையை ஏற்றுகிறது. நோய் ஆளை முடக்குகிறது. வறுமை வயிற்றைச் சோற்றால் மட்டும் நிரப்புகிறது. இத்தனைக்கும் மேலே, மருத்துவமனைக்குள் இருக்கிறதே ஒரு மதில், அது! நெஞ்சு வலிக்கிறது என்று பொது மருத்துவரிடம் போனால், சீட்டைப் பார்த்துவிட்டு, "மனநலப் பிரிவுக்குப் போ" என்பார். அங்கே போனால், "நெஞ்சு வலிக்கு அங்கே போ" என்பார். அங்கும் இங்கும் அலைக்கழிக்கப்பட்ட மனிதர் கடைசியில் வீட்டுக்குப் போய்விடுவார்.

மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்தது யார்? பேய் என்றான் ஒருவன். பூர்வ ஜென்ம வினை என்றான் மற்றொருவன். படித்தவர்களும் பிழை செய்தார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்று ஒரு நோய் வாட்டியது. தோல் வெடிக்கும், வயிறு கழியும், பிறகு புத்தி பேதலிக்கும். பைத்திய விடுதிகளில் அடைத்தார்கள். கிருமி என்றார்கள். 1914-இல் அரசு அனுப்பிய டாக்டர் கோல்ட்பெர்கர் விடுதிகளைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருப்போருக்கு நோய். அவர்களைத் தொட்டுப் பணிசெய்யும் ஊழியருக்கு இல்லை. கிருமி என்ன, ஆள் பார்த்துப் பிடிக்குமா? தட்டைப் பார்த்தார். சோளமாவும் பன்றிக் கொழுப்பும் பாகும் ஏழையின் தட்டிலே. பாலும் இறைச்சியும் ஊழியர் தட்டிலே! பிடிபட்டது நோயின் மூலம். குறைந்தது நியாசின் என்ற உயிர்ச்சத்து என்று 1937-இல் தெளிவாயிற்று. நமது நாட்டிலும் சோளமே உணவாகக் கொண்ட தக்காண உழவரிடையே இந்நோய் இருந்தது. தமிழகத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் ஐதராபாத்தில் அதை ஆராய்ந்தார். புத்தி பேதலித்ததாகச் சொல்லப்பட்டவனுக்கு வேண்டியிருந்தது விலங்கல்ல, நல்ல சோறு!

விலங்கு என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் போகுமா? 2001 ஆகஸ்டு 6. அதிகாலைத் தீ. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். நமது விருதுநகருக்கு அடுத்த மாவட்டத்திலே நடந்த கொடுமை. அதற்குப் பின் நாடு விழித்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, 2018-இல் நடைமுறைக்கும் வந்தது. உடல்நோயாளிக்கு என்னென்ன சிகிச்சை உண்டோ அத்தனையும் மனநோயாளிக்கும் சமமாக உண்டு என்கிறது அச்சட்டம். சங்கிலி அறுந்தது, நன்று. ஆனால் சட்டத்தின் அந்தச் 'சமமாக' என்ற சொல், சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் பொருந்துமா, பொருந்தாதா?

பொருந்த வேண்டுமானால் டாக்டர்கள் படிக்க வேண்டும். பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்தது என்று எந்த டாக்டரும் இருந்துவிட முடியாது. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002-இல் இந்திய மருத்துவக் கழகம் நெறி வகுத்தது. ஆண்டுக்கு ஆறு மணி! பட்டாசுத் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பைவிடக் குறைவு. அந்த ஆறு மணி எங்கே கழிகிறது, எதைப் பற்றிப் பேசப்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. புதிய மாத்திரையின் பெருமையைக் கேட்டுவிட்டுப் பகல் விருந்து உண்டு கலைந்தால், அது கல்வியல்ல, கல்யாணம்!

2022 ஜனவரி முதல் விருதுநகரிலே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரைக்கு ஓடிய காலம் ஓரளவு போயிற்று. அந்தக் கல்லூரியிலே, தென் மாவட்ட மனநல மருத்துவர்களை அழைத்து, உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் பாடத்தை நடத்தட்டும் என்கிறோம். அரங்கத்தில் படம் காட்டுவது பாதி நாள் போதும். மீதி நேரம் வண்டி ஏறட்டும், சிவகாசிக்கு!

முதலில் தீக்காயப் பிரிவுக்குப் போகட்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலே ஏறக்குறைய நாற்பது உயிர்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலே இருபதுக்கு மேல். இறந்தோரை எண்ணினோம், இழப்பீட்டை எண்ணினோம். பிழைத்தவர் இரவில் அலறி எழுவதை எண்ணியவர் யார்? 1942 நவம்பர் 28 இரவு, பாஸ்டன் நகரத்து கேளிக்கை விடுதி ஒன்றில் தீப்பிடித்து 492 பேர் மாண்டனர். தீப்புண்ணுக்குக் கட்டுப் போட்டதோடு அங்கே நிற்கவில்லை. அலெக்சாண்ட்ரா ஆட்லர், எரிக் லிண்டமன் என்ற இருவர் பிழைத்தோரிடமும் உறவை இழந்தோரிடமும் சென்று அமர்ந்து பேசினார்கள். அச்சமும், தூக்கமின்மையும், தான் மட்டும் தப்பிய குற்ற உணர்வும் மாதக்கணக்கில் தொடர்வதைக் குறித்தார்கள். துயரத்தைப் பற்றிய மருத்துவ அறிவுக்கு அது ஓர் அடிக்கல். நமது தீக்காயப் பிரிவிலும் மனநல டாக்டர் கட்டில் கட்டிலாக வர வேண்டும். புண்ணின் வலி தாளாதவனுக்கு மனம் ஆறுமா? மனம் உடைந்தவன் கட்டுப் பிரிக்கச் சம்மதித்து, மடங்கிய விரலை நீட்டி நீட்டிப் பழகுவானா? உடலும் மனமும் ஒன்று என்பதற்கு இதைவிட வேறு பாடப்புத்தகம் வேண்டுமா?

பிறகு ஆலைக்குள் அழைத்துச் செல்லட்டும். ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற கணக்கையும், கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த கையையும், அந்த அறையின் வெக்கையையும் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாள் சீட்டு எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.

"டாக்டர்கள் குறைவு, கூட்டம் மிகுதி, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. ஆனால் எடை பார்க்க டாக்டர் எதற்கு? செவிலியர் போதும். இடுப்பளவுக்குத் தையற்காரரிடம் இருக்கும் நாடா போதும்! அமெரிக்க நாட்டுச் சர்க்கரை நோய் மருத்துவரும் மனநோய் மருத்துவரும் 2004-இல் கூடி ஒரு முறை வகுத்தார்கள்: மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, நான்கு, எட்டு, பன்னிரண்டாம் வாரங்களில் மீண்டும் எடை, பன்னிரண்டாம் வாரம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும். 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. டாக்டர் கற்க வேண்டியது அளக்க அல்ல; அளந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வது என்பதை. மருந்தை மாற்றுவதா, சர்க்கரை மாத்திரை சேர்ப்பதா, அடுத்த அறை டாக்டரைக் கையோடு அழைத்துப் பேசுவதா? அடுத்த அறை டாக்டரும் அதே வகுப்பிலே, அதே பெஞ்சிலே உட்காரட்டும்!

2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. வரவேற்கிறோம். அந்த வீட்டின் பின்கட்டிலே, பத்தாண்டாய் மனநோய்க்கு மருந்துண்டு பருத்துப்போன தம்பியோ தங்கையோ இருந்தால், அவர் பெயரும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

நமது தோழர்கள் நாள்தோறும் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவர்கள். இனிப் போகும்போது மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தலைவலிக்குக் கடையில் வாங்கியதையும் விடாதீர்கள். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும், அவர் கேட்கும் முன்பே, இன்ன ஆலை, இன்ன அறை, இன்ன வேலை என்று சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன், "ஐயா, எடையும் சர்க்கரையும் பார்த்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள்.